நாலாவது முட்டி

கோமதி விழுந்தபோது அவளைச் சுற்றி ஒருத்தரும் இல்லை.

ஆடி மாதம். எங்கள் பள்ளிக்கூட மைதானம். வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெண்கள் கபடி டீம் எங்களோடு ஆடிப் பார்க்க பஸ்ஸில் வந்திருந்தது. மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் பாதி பறந்துபோய், பாதி எங்கள் பாவாடைகளில் ஒட்டியிருந்தன.

கோமதி பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போனாள். ஓரத்தில் நின்ற பெண்ணைக் காலை வீசித் தொட்டாள். தொட்ட வேகத்திலேயே வலது காலை நீட்டி ஊன்றி, உடம்பைச் சட்டென்று திருப்பி, நடுக்கோட்டுக்கு ஓடி வந்துவிட வேண்டும். அது அவளுடைய திருப்பம். அதைப் பார்ப்பதற்கென்றே சுற்றுச்சுவருக்கு வெளியே சைக்கிளை நிறுத்துகிறவர்கள் உண்டு.

காலை ஊன்றினாள். உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை.

காய்ந்த புளியம்பழ ஓட்டை விரலால் நொறுக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. பாட்டு நின்றுபோனது. கோமதி முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மண்ணில் கிடந்தாள். அழவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

வாசுதேவநல்லூர்ப் பிள்ளைகள் ஏழு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றார்கள். ஓரத்தில் நின்ற பெண் எங்கள் டீச்சரைப் பார்த்துக் கத்தினாள்.

“நாங்க தொடல டீச்சர். சத்தியமா யாரும் தொடல. அவளாத்தான் விழுந்தா.”

அவள் சொன்னது உண்மை. அந்த உண்மையை நான் அன்றைக்கு மனதில் போட்டுக்கொண்டேன். என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

பன்னிரண்டாவது ஆள்

போன வாரம் என் அப்பாவின் தறியைப் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் நான் கபடி டீமில் இருந்ததாகச் சொல்லியிருந்தேன். எத்தனை கப் வாங்கினீர்கள் என்று கேட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். ஒன்றும் வாங்கவில்லை அம்மா. ஆடுகிறவர்கள் ஏழு பேர். மாற்று ஆட்கள் ஐந்து பேர். அந்த ஐந்தில் நான் கடைசி.

என் வேலை கோடு போடுவது. அடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு பால் டின்னில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கயிறு பிடித்து, குனிந்தபடியே தட்டிக்கொண்டு போக வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை. சங்கரன்கோவில் ஆடிக்காற்றில் அது எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. கண் எரியும். விரல் இடுக்கெல்லாம் வெடிக்கும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. தரையைப் பார்ப்பது சுலபம். யார் எங்கே நின்றாள், எங்கே வழுக்கினாள், எவள் கோட்டை மிதித்துவிட்டு இல்லை என்று சாதிக்கிறாள், எல்லாம் தரையில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நாங்கள் ஆடியது பாவாடையில். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கும் பாவாடை, மேலே சட்டை, பெரிய பிள்ளைகள் என்றால் அதற்கு மேல் இடுப்பில் இறுக்கிச் செருகிய தாவணி. காலில் செருப்பு கிடையாது. அரைக்கால் சட்டை போட்டு ஆடுகிற டீம்கள் பெரிய ஊர்களில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சை எடுத்தால் அன்றைக்கே கபடி முடிந்துவிடும். ஆகவே எங்கள் முட்டி எப்படி மடங்குகிறது, எப்படித் திரும்புகிறது என்பதை ஒருவரும் பார்த்தது கிடையாது. எங்களுக்குச் சொல்லித்தந்த டீச்சர் உட்பட.

முதல் இரண்டு

கோமதி மூன்றாவது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர்.

முதலில் வேலம்மாள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது. சுளுக்கு என்று சொல்லி, பக்கத்து ஊரில் சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் காலை மடியில் வைத்து இழுத்துத் திருகி விட்டார். வீக்கம் வடிந்தது. வேலம்மாள் நடந்தாள். ஆனால் படியில் இறங்கினால், வாய்க்காலைத் தாண்டினால், முட்டி ஒரு பக்கமாக நழுவும்.

ராயகிரியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரத் தட்டை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனார்கள். சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பேச்சியம்மாள். அதே வலது முட்டி. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு எலும்பில் பலம் கிடையாது என்றார்கள். கண்ணேறு என்றார்கள். மைதானத்தில் முன்பு ஒரு பட்டமரம் நின்றது, அதை வெட்டியது குற்றம் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைகள் ஆடுகிற விதத்தில் ஏதாவது இருக்குமோ என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் சொன்ன நேர்த்தி

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் பெண்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவசு இருக்கிறாள். நாம் சுற்றினால் அவள் கால்வலியில் கொஞ்சத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. நூற்றெட்டு சுற்று சுற்றுகிறவர்கள் உண்டு. அதற்கு மேலும் உண்டு.

கோமதி விழுந்த அந்த வருஷம் எப்படியும் ஜெயிக்க வேண்டும் என்று டீம் முழுக்க ஒரு வெறி. நேர்த்தி வைப்போம், எல்லாரும் நூற்றெட்டு சுற்றுவோம் என்று சொன்னது நான்தான். எப்போதும் வாயைத் திறக்காதவள் சொல்கிறாளே என்று எல்லாரும் சரி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தொடங்கினோம். கல் தரை. வெயில் ஏற ஏறப் பாதம் கொதித்தது. முடித்தபோது தொடையெல்லாம் கல்லாகிவிட்டது. மறுநாள் படியேற முடியாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அதற்கு அடுத்த நாள்தான் வாசுதேவநல்லூர் டீம் வந்தது.

அம்மனைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றிய காலுக்கு ஓய்வு கொடுக்காமல் ஆட வைத்தது நாங்கள்தான். கோமதியின் கால் அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்கும் நிலையில் இல்லை.

முதலில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். வீக்கம் பானை மாதிரி ஆன பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, யார் அடித்தது என்பது. யாரும் அடிக்கவில்லை, யாரும் தொடவே இல்லை என்று கோமதி சொன்னாள். அவர் முட்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே எலும்பையும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கிற கயிறு மாதிரி ஒரு நார் உண்டு, அது அறுந்துவிட்டது என்றார். ஆறு வாரம் மாவுக்கட்டு. நடக்கலாம். கபடி இனிமேல் கிடையாது.

பெரிய டீச்சர் சொன்னது

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். சத்தம் போட மாட்டார். அதனால்தான் பயம். எங்கள் எல்லாரையும் வராந்தாவில் நிறுத்தினார். பக்கத்தில் எங்கள் விளையாட்டு டீச்சர், ஜெபமணி டீச்சர், தலையைக் குனிந்து நின்றார்.

“மூணு பிள்ளையளுக்கு முட்டி போயிட்டு. மூணு தாய்மார் என் ரூமில வந்து அழுதாச்சி. நாலாவதா ஒரு முட்டி போச்சின்னா கபடி கிடையாது. வளையப்பந்து ஆடுங்க. அதுல யாரும் விழ மாட்டிய.”

இதில் எனக்கு என்ன என்று கேட்கலாம். பன்னிரண்டாவது ஆள்தானே. ஆனால் எங்கள் ஏழு பேர் ஆடுகிற அந்த ஒரு மணி நேரம் தவிர அந்த ஊரில் பெண்பிள்ளைகள் வாய்விட்டுக் கத்துகிற இடம் வேறு எதையும் நான் பார்த்தது கிடையாது. அது போய்விடக் கூடாது. அன்றைக்கு வராந்தாவில் நின்றபடியே நினைத்துக்கொண்டேன்: நாலாவது முட்டி போகக் கூடாது.

குதிகால் குழி

மாவுக்கட்டோடு கோமதி தினமும் சாயங்காலம் மைதானத்துக்கு வந்தாள். வீட்டில் இருந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் அவள் கல்யாணத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள் என்றாள். ஆய்வுக்கூடத்து ஸ்டூல் ஒன்றை நான் தூக்கி வந்து போடுவேன். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் கோடு போட்டுக்கொண்டே அவளிடம் சொன்னேன், அவள் விழுந்த இடத்தில் கோட்டின் மேல் ஒரு குழி இருந்தது என்று. ஆழமான குதிகால் குழி. விரல் தடம் கிடையாது, மண் இழுபட்ட தடமும் கிடையாது. ஆணி அடித்த மாதிரி ஒரே ஒரு குழி. பேச்சி விழுந்த அன்றும் அதே மாதிரி ஒரு குழியை நான் தூர்த்துக் கோடு போட்டேன்.

கோமதி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டி ஆவுட, இத ஏன் இம்புட்டு நாளா சொல்லல?”

“யாரு கேட்டா?”

அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் வேலை. ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் தரையைப் படிப்பேன். அவள் ஸ்டூலில் இருந்தபடி, எந்தத் திருப்பம் யாருடையது என்று சொல்வாள். நாலைந்து நாளில் தெரிந்துவிட்டது. அநேகமாக எல்லாருக்கும் குழி விழுந்தது. எல்லாரையும் விட ஆழமாக விழுந்தது சண்முகத்தாய்க்கு. கோமதி விழுந்த பிறகு பாடப் போகிறவளாக அவளைத்தான் போட்டிருந்தார்கள். நல்ல உயரம், நல்ல வேகம். அவள் ஊன்றித் திரும்பும்போதெல்லாம் கோமதி கண்ணை மூடிக்கொள்வாள்.

நாலாவது முட்டி யாருடையது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

குழி விழாத ஒருத்தியும் இருந்தாள். மாரித்தாய். குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். முட்டியை மடக்கி, குனிந்து, சின்னச் சின்ன எட்டாகப் போட்டுத் திரும்புவாள். ஆட்டுக்குட்டி நடை என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அவள் திரும்பிய இடத்தில் பார்த்தால் மூன்று நாலு தடம் வரிசையாக இருக்கும். எல்லாம் முன்பாதம். எதுவும் ஆழமில்லை.

ஏன் அப்படித் திரும்புகிறாய் என்று கோமதி கேட்டாள்.

“எங்க ஊரு கரிசலுல்லாக்கா. கோடையில வெடிச்சிக் கெடக்கும். ஆடு பத்தும்போது காலை வெறப்பா ஊணுனா வெடிப்புக்குள்ள போயிரும். மெத்துன்னு வச்சி மெத்துன்னு எடுக்கணும்.”

எங்கள் மைதானம் கெட்டியான செம்மண். அது யாரையும் அப்படி நடக்கச் சொல்லித்தரவில்லை.

டீச்சரிடம்

தெரிந்தது ஒரு பக்கம். அதைச் சொல்ல வேண்டியது ஜெபமணி டீச்சரிடம். ஏனென்றால் காலை ஊன்றித் திரும்பச் சொல்லித்தந்தது அவர்தான். “காலைக் கம்பு மாதிரி ஊணு. ஆடாம நிக்கணும்.” தினமும் இருபது தடவை அதைச் செய்ய வைப்பார். பயிற்சிக் கல்லூரியில் அவர் படித்து வந்தது அது. எங்கள் மேல் உயிராக இருப்பவர். மூன்று பிள்ளைகள் வீட்டுக்கும் பழம் வாங்கிக்கொண்டு நடந்தவர்.

கோமதி சொல்வதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். விழுந்தவள் சொன்னால் பழி சொல்கிற மாதிரி ஆகிவிடும். குழியைப் பார்த்தது நான். நானே சொல்ல வேண்டும்.

விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில் போய் நின்றேன். டின்னைக் கையில் பிடித்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, குழியைச் சொன்னேன். பேச்சியின் குழி, கோமதியின் குழி, சண்முகத்தாயின் குழி, மாரித்தாயின் தடம். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது டீச்சர் முகம் வெளுத்திருந்தது.

“அப்போ மூணு பேர் முட்டியையும் நாந்தான் ஒடிச்சேங்கியா?”

இல்லை என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கலாம். அழுதிருக்கலாம். அந்த வயதில் அதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் மறுநாள் சண்முகத்தாய் மறுபடியும் அந்தக் காலை ஊன்றுவாள்.

“நீங்க சொல்லிக் குடுத்தத நாங்க நல்லாச் செஞ்சோம் டீச்சர். அதான்.”

அவர் என்னைப் போகச் சொன்னார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. டீமை விட்டு எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை, காற்று எழும்புவதற்கு முன்னால் வரச்சொல்லி ஆள் விட்டிருந்தார். போனால், மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து, ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பைத் தூவி வைத்துவிட்டு நிற்கிறார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். நான் பார்க்க, ஓடிவந்து காலை ஊன்றித் திரும்பினார். பிறகு, ஹாஸ்டலிலிருந்து வரவழைத்திருந்த மாரித்தாயைத் திரும்பச் சொன்னார். இரண்டு தடத்துக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“என் வலது முட்டி பதினஞ்சு வருஷமா படியில இறங்கினா நோவும். வாதம்னு நெனச்சிட்டிருந்தேன்,” என்றார்.

தவசு

அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் கபடி ஆடியதை விட இறங்கிப் பழகியதுதான் அதிகம்.

பெஞ்சின் மேலிருந்து குதிக்க வேண்டும். முட்டி மடங்க வேண்டும், இரண்டு காலும் சேர்ந்து இறங்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. ஜெபமணி டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். சத்தம் கேட்டால் திரும்பாமலே, “யாரு மூட்டைய இறக்குனது?” என்பார். ஓடி வந்து நிற்கச் சொன்னால் ஒரே எட்டில் நிற்கக் கூடாது, மூன்று எட்டில் நிற்க வேண்டும். களைத்த பிறகு திருப்பம் பழகக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான்தான் கேட்டு வாங்கினேன். ஏன் என்று கோமதிக்கும் எனக்கும் தெரியும்.

ஒற்றைக்காலில் நிற்பது கோமதியின் யோசனை. நின்றபடி முட்டியைக் கொஞ்சம் மடக்கி இறங்கி ஏற வேண்டும். “அம்மன் நிக்கால்லா, நமக்கென்ன,” என்றாள். அதற்குத் தவசு என்றே பெயர் வைத்துவிட்டோம். ஆனால் பாவாடைக்குள் முட்டி என்ன செய்கிறது என்று எப்படித் தெரியும்? மைதானத்துக் கதவைப் பூட்டி, சுவரோரம் ஒருத்தியைக் காவல் வைத்து, பாவாடையை மேலே தூக்கிச் செருகிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம். இறங்கும்போது பாதிப் பேருக்கு முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. எதிரே ஒருத்தி உட்கார்ந்து, முட்டியைக் காலின் சுண்டு விரலுக்கு நேராகக் கொண்டுபோகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். காவல்காரி செருமினால் அத்தனை பாவாடையும் ஒரே நேரத்தில் கீழே விழும்.

சண்முகத்தாய் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

“ஆட்டுக்குட்டி மாதிரி குனிஞ்சி குனிஞ்சி ஆடவா நான் வந்தேன்? கோமதி திருப்பத்தப் பாக்கத்தான ஆளு வருது. எனக்கு ஒண்ணும் ஆகாது.”

கோமதி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். கட்டுப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சண்முகத்தாயின் கையைப் பிடித்து இழுத்து, தன் வலது தொடையின் மேல் வைத்தாள்.

“புடிச்சுப் பாருட்டி.”

ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது அந்தத் தொடை. சண்முகத்தாய் கையை எடுக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றாள். மறுநாள் பெஞ்சில் முதலில் ஏறியவள் அவள்தான். என்றாலும் வேகம் வந்துவிட்டால் பழைய கால்தான் முன்னால் வரும். மூன்று வருஷம் பழகியது மூன்று மாதத்தில் போகவில்லை.

ஒரு சாண்

வட்டார ஆட்டம் கார்த்திகையில், ராஜபாளையத்தில். அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டோம். கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். சண்முகத்தாய் பாடப் போனாள்.

உள்ளே இருந்த ஒருத்தியைக் கையால் தொட்டுவிட்டாள். திரும்பி வந்துவிட்டால் சமன். ஆனால் ஓரத்திலிருந்தவள் அவளுக்குப் பின்னால் வழியை அடைக்க ஓடி வந்தாள். அந்த இடத்தில் தப்புவதற்கு ஒரே வழிதான், கோமதியின் திருப்பம். ஒரே ஊன்றல், ஒரே சுழற்சி, வெளியே.

சண்முகத்தாயின் வலது குதிகால் முன்னால் நீண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

குதிகால் தரையில் படவில்லை. முட்டி மடங்கியது. சண்முகத்தாய் அப்படியே தாழ்ந்து, ஒரு எட்டு, இரண்டு, மூன்று என்று வைத்துத் திரும்பினாள். அந்த மூன்று எட்டுக்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். இடுப்பைக் கட்டிப் பிடித்து அமுக்கினார்கள். நீட்டிய அவள் விரலுக்கும் நடுக்கோட்டுக்கும் ஒரு சாண் இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். கோமதி சாய்ந்து சாய்ந்து நடந்து அவளிடம் போனாள். நானும் போனேன்.

“என்னாலதான தோத்தோம்,” என்றாள் சண்முகத்தாய், மண்ணுக்குள்ளிருந்து.

“முட்டி எங்கன இருக்கு?”

“இங்கனதான் இருக்கு.”

“அப்போ எந்திரி.”

கேட்டில்

பஸ் எங்களைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டபோது வெளிச்சம் இருந்தது. பெரிய டீச்சர் கேட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் போகாமல் நின்றதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

கப் இருக்கிறதா என்று எங்கள் கைகளை அவர் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தியும் படியில் இறங்க இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு பேரும் இறங்கினோம். பன்னிரண்டாவதாகக் கோமதி, கம்பியைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் ஜெபமணி டீச்சர் இறங்கி, தோற்றுவிட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தார். பெரிய டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நாளையிலருந்து ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளையளையும் வரச் சொல்லுங்க. முதல்ல இறங்கப் படிக்கட்டும். பாடுறத அப்புறமாப் பாத்துக்கலாம்.” பிறகு கோமதியைப் பார்த்தார். “நீ அந்தப் பிள்ளையளப் பாத்துக்கிடுதியா?”

எங்களுக்கு மூச்சு வந்தது. யாரோ என் பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள், சந்தோஷத்தில். கபடி இருக்கிறது. சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு ஓட வேண்டியதுதான்.

கோமதி ஓடவில்லை. ஓடவும் முடியாது.

“பாத்துக்கிடுதேன் டீச்சர். ஆனா கதவப் பூட்டிட்டு ஒளிஞ்சி ஒளிஞ்சி சொல்லிக் குடுக்க முடியாது. பாவாடைக்குள்ள முட்டி எங்க போகுதுன்னு தெரியல. அரைக்கால் சட்டை போடணும். முட்டி தெரியணும் டீச்சர்.”

ஜெபமணி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சாலையில் ராஜபாளையம் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பெரிய டீச்சருக்கு எங்கள் அத்தனை பேர் அப்பா அம்மாவையும் தெரியும். அவர்கள் ஒவ்வொருவரும் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். அதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

“தெரியட்டும்,” என்றார்.